கோழிகள் சாப்பிட்டதாகச் சொன்னவன்

2002ஆம் ஆண்டு சித்திரை மாதம், பான் நகரின் வடக்கே ரைன் ஆற்றோரமாகக் கமலநாயகி வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத் துண்டில், லீக்ஸ் பாத்திக்கும் வெந்தயப் பாத்திக்கும் நடுவே ஒரு ரோமாபுரிச் சிப்பாய் மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்து, கோழிகள் சாப்பிட்டனவா என்று கேட்டான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். கமலநாயகி முதலில் பார்த்தது அவனையல்ல, அவன் காலடியில் நசிந்துபோன லீக்ஸ் கன்றுகளைத்தான். பிறகு நிமிர்ந்து, மண் ஒட்டிய முகத்தையும் ஆணி அடித்த செருப்பையும் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லைத் தம்பி, இப்பதான் வந்தனான்" என்றாள். அவன் பேசியது சிப்பாய்களின் லத்தீன், இவள் பேசியது தன் ஊரான கோண்டாவிலின் தமிழ். இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. பதின்மூன்று வருடமாக அலுவலகங்களில் ஜெர்மன் பேசி ஒருவருக்கும் எதையும் விளங்கப்படுத்த முடியாமல் அலைந்தவளுக்கு இது ஒரு ஆறுதலாகவே இருந்தது.

அவன் பெயர் தீத்துஸ். வயது முப்பதுக்குள். ஆயிரத்துத் தொளாயிரம் வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த படை முகாமில் கோழி பார்ப்பதுதான் அவனுடைய வேலை. முட்டைக்காக வளர்த்த கோழிகள் அல்ல அவை. படை ஆற்றைக் கடப்பதானாலும், ஊர்ப் பெரியவர்கள் ஒருவரைத் தலைவராக்குவதானாலும், முதலில் கூட்டைத் திறந்து கோழிகளுக்கு முன்னால் தானியக் களியைப் போட வேண்டும். கோழிகள் ஆவலோடு பாய்ந்து, வாயிலிருந்து நிலத்தில் சிந்தும்படி தின்றால் தெய்வங்களுக்குச் சம்மதம். முகத்தைத் திருப்பினால் சேனாதிபதியே ஆனாலும் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தான் சொன்ன சொல்லை நம்பித் தன் படை ஒரு நாள் ஆற்றைக் கடந்து போனதென்றும், அவர்கள் திரும்பி வந்தார்களா என்று தனக்குத் தெரியாதென்றும், அதைப் பார்க்கத்தான் எழும்பி வந்ததாகவும் அவன் சொன்னான். சொல்லும்போது ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரையாவது எதிர்பார்த்திருப்பவர்கள் பேசுகிற மாதிரிப் பேசினான். கமலநாயகிக்கு அந்தப் பேச்சு தெரியும், அவளும் அப்படித்தான் பேசுவாள்.

தோட்டச் சங்கத்தின் விதிப்படி கோழி வளர்க்கக் கூடாது. கமலநாயகி தன் மூன்று கோழிகளையும் பயற்றங்கொடிகளுக்குப் பின்னால் மறைத்துத்தான் வைத்திருந்தாள். சங்கத் தலைவர் ஹெர் ப்ரூகர் அபராதச் சீட்டோடு வந்து, தீத்துஸோடு அரைமணி நேரம் சைகையில் பேசி, அந்த இடத்துக் கோழிகள் சங்கத்துக்கு மிகவும் முற்பட்டவை, ஆகவே விதி அவற்றுக்குச் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். வேலி உயரம் மட்டும் கூடக்கூடாது என்றார். தீத்துஸ் தோட்டக் கொட்டிலில் குடியிருந்தான். வேலிக்கு வெளியே அவனால் கால் வைக்க முடியவில்லை, வைக்கவும் அவன் பெரிதாக ஆசைப்படவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் கமலநாயகியோடு வேலை செய்த கொறற்றி அவனைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயர் வேதாகமத்தில் இருக்கிற பெயர், பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதி சொன்னாள். அதன்பிறகு பான் தமிழர் யாரும் அவனைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

கமலநாயகி எதிர்பார்த்திருந்தது தன் கணவரை. 1989இல் இருவரும் சேர்ந்துதான் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள். வீட்டுப் படியிறங்கும்போது கூரைக்குள் ஒரு பல்லி சொன்னது, சொல்லக்கூடாத திசையிலிருந்து. அவள் நின்றுவிட்டாள். சந்திரசேகரன் சிரித்து, "பல்லி எங்களுக்கோ டிக்கெட் எடுத்தது, வாரும்" என்று பெட்டியைத் தூக்கினார். கொழும்பு லொட்ஜில் வைத்து ஆள் அனுப்பும் முகவர் ஒரு இடந்தான் இருக்கிறது என்றார். நீர் முன்னுக்குப் போம், நான் பின்னாலை வாறன் என்றார் சந்திரசேகரன். பின்னால் வருவதற்கு முன் தாய்க்குச் சுகமில்லாமல் போய் ஊருக்குத் திரும்பினார், பிறகு பாதைகள் அடைபட்டன, பிறகு இடம்பெயர்ந்து கிளிநொச்சிக்குப் போய் அங்கே சைக்கிள் கடை போட்டார். கல்யாணம் பதிந்த கந்தோர் எரிந்துபோனதால் அவரைக் கூப்பிட அவள் போட்ட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், இரண்டு முறை திரும்பி வந்தது. கல்யாணம் நடந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட அதிகாரிக்கு முன்னால் அவள் தன் தாலிக்கொடியை எடுத்துக் காட்டினாள். அவர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, பிரதி எடுக்க முடியாதே என்றார். அன்றிலிருந்து அவளிடம் ஒரு பிடிவாதம் வந்து குடியேறிவிட்டது. எந்தக் காரியமானாலும் சகுனத்தை மீறிப் போவதில்லை. மீறிப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

சமாதானம் வந்து, பாதை திறந்து, அவள் கையில் ஜெர்மன் கடவுச்சீட்டும் இருந்த அந்த வருடத்தில்தான் தீத்துஸ் எழும்பி வந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் அடுத்த மாதமே விமானம் ஏறியிருப்பாள். முறை தெரிந்தவன் ஒருவன் வீட்டோடு இருக்கும்போது கேட்காமல் போவது எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை தீத்துஸ் தலையைத் துணியால் மூடிக்கொண்டு, கூட்டைத் திறந்து, களியை உதிர்த்துப் போட்டான். கமலநாயகி, நான் போகலாமோ என்று கேட்டாள். மூன்று கோழிகளும் களியைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, திரும்பிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றன. கேள்வி இல்லாத நாட்களில் அவை எல்லாக் கோழிகளையும் போலக் கண்டதையும் கொத்தித் தின்றன, பக்கத்துத் தோட்டத்து ஸ்ட்ராபெரியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவளுடைய கேள்வியைக் கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. ஞாயிறு தோறும் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி வரும். "எப்ப வாறீர்?" என்று கேட்பார் அவர். "கோழி இன்னும் சாப்பிடேல்லை" என்பாள் இவள். முதல் வருடம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேர் படுக்கிற மெத்தை ஒன்று வாங்கியிருப்பதாகவும், அவள் வந்துதான் அதன் பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டும் என்றும் சொன்னார். அந்த உறை எப்படிச் சரசரக்கும் என்று வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து அவள் நினைத்துப் பார்ப்பாள். நினைத்தால் அடுத்த தரிப்பில் இறங்க மறந்துவிடுவாள்.

கோழிகளின் பெயர் பரவிப் பான் தமிழர் மன்றம் வரை போனது. மன்றத்தில் அப்போது தலைவர் தேர்தல். உருத்திரமூர்த்தி ஒரு பக்கம், யோகம் மறுபக்கம். தோற்றுவிடுவோம் என்று யோகத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து தீத்துஸுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ரோமாபுரியில் தோற்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரித்தார். ஒருவர் நான் வானத்தில் அறிகுறி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னால் போதும், அன்று சபை கூட முடியாது என்றான் தீத்துஸ். பெரிய பெரிய மனிதர்களே வீட்டை விட்டு இறங்காமல் மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துச் சட்டங்களை நிறுத்தியிருக்கிறார்களாம். பிறகென்ன, ஒவ்வொரு கூட்டத்தன்றும் யோகம் அண்ணை தானன்புஷ் குடியிருப்பில் தன் ஐந்தாம் மாடி பல்கனியில் கதிரை போட்டு உட்கார்ந்து வானம் பார்க்கிறார் என்று செய்தி வரும், மண்டபத்துக்குக் கட்டிய வாடகை வீணாகும். ஒரு வருடம் மன்றத்துக்குத் தலைவரே இல்லை. வானத்தை வெல்ல வேண்டுமானால் கோழிதான் வழி என்று உருத்திரமூர்த்தி முடிவு செய்தார். பாதை திறந்ததால் ஊருக்குப் போக முப்பது குடும்பம் துடித்துக்கொண்டிருந்தது. கோழிகளின் சம்மதத்தோடு அவர்களைக் கூட்டிப் போகிறவர்தான் தலைவர் என்று அறிவித்தார்.

2003 ஆனியில் எல்லோர் முன்னிலையிலும் களி போடப்பட்டது. கோழிகள் பாய்ந்த பாய்ச்சலில் களித்தட்டு கவிழ்ந்தது. "சாப்பிட்டிட்டுது! எல்லாரும் பாத்தியளே!" என்று உருத்திரமூர்த்தி கையை உயர்த்தினார். கைதட்டு ஓய நேரமெடுத்தது. கமலநாயகி மட்டும் கைதட்டவில்லை. முந்தின மூன்று நாளும் அவளுக்கு இரட்டை வேலை. கோழிக்கு நான் தீன் வைக்கிறன் அக்கா என்று கூட்டுக் கதவின் திறப்பை வாங்கிப் போனவர் உருத்திரமூர்த்திதான். தீன் வாளி அவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது. பட்டினி போட்டு வாங்கிய சகுனத்தில் அவள் எப்படிப் போவாள்? முப்பது குடும்பமும் போய் வந்தது. ஒருவருக்கும் ஒரு கீறலில்லை. ஒடியலும் கருவாடும் கொண்டு, கறுத்து, கொழுத்து வந்தார்கள். உருத்திரமூர்த்திக்கு மட்டும் விமானம் இறங்கிய நாளிலிருந்து பசி. எதைத் தின்றாலும் அடங்காத பசி. கல்யாண வீட்டில் மூன்று பந்தி இருப்பார், தலைமையுரை நடுவில் பையிலிருந்து பாண் எடுத்துக் கடிப்பார், இரவில் மனைவி குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டியிருந்தது. ஆள் உடம்பு வைக்கவுமில்லை.

கடைசியில் அவர் தோட்டத்துக்கு வந்து வேலியில் சாய்ந்துகொண்டு, "தம்பி, எனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். வாயில் ஒரு வாழைப்பழம் இருந்தது. தீத்துஸ் விதியைச் சொன்னான். கோழியைப் பட்டினி போட்டு ஒருவன் தின்ன வைத்தாலும், சாப்பிடாமலே சாப்பிட்டதாகச் சொன்னாலும், கேட்டவனுக்கு அது நல்ல சகுனம்தான், கேட்டவன் தாராளமாகப் போகலாம். பொய்யின் கேடு முழுவதும் சொன்னவன் தலையில் மட்டும் விழும். "எனக்கும் அப்பிடித்தான் அண்ணை விழுந்தது" என்றான். அன்று காலை படை ஆற்றங்கரையில் நின்றது, கோழிகள் களியைத் திரும்பியும் பார்க்கவில்லை, நின்றால் எல்லோரும் முகாமுக்குள்ளேயே பட்டினியில் சாக வேண்டும். ஆகவே சாப்பிட்டதென்று சொன்னான். முகாம் வாசலைத் தாண்டுமுன் வெறும் வானத்திலிருந்து ஒரு ஈட்டி வந்து அவன் நெஞ்சில் இறங்கியது. படை அவனைக் கடந்து ஆற்றுக்குள் இறங்கிப் போனது. பொய் பலித்ததா, அவர்கள் தப்பினார்களா என்பதுதான் இத்தனை நூற்றாண்டாக அவனை மண்ணுக்குள் உறங்கவிடவில்லை. உருத்திரமூர்த்தி இதைக் கேட்டு, பசியோடு முடிந்ததே என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போனார். பாத்திக்குள் குந்தியிருந்த கமலநாயகியும் கேட்டாள்.

2004 போனது, 2005 போனது. கோழிகள் கிழடாகின, இறகு உதிர்ந்து முளைத்தது, அவளுடைய கேள்விக்கு மட்டும் மனம் இரங்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்து அவளும் தீத்துஸும் ஆற்றைப் பார்த்தபடி இருப்பார்கள். சரக்குக் கப்பல்கள் போகும். அவன் தன் படையைத் தேடுவான், அவள் எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது, ரைன் ஆறு கிளிநொச்சிக்குப் போவதில்லை. ஆனாலும் பார்த்தாள். தொலைபேசியில் இப்போது அவர் சிரிப்பதில்லை. ஒரு ஞாயிறு, "நான் உமக்குக் கோழியை விடக் கீழையோ?" என்று கேட்டார். பிறகு தானே, இல்லையில்லை, பகிடிக்குச் சொன்னனான் என்றார். அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவர் பின்னால் யாரோ சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பு முடிந்த பிறகும் கேட்டாள்.

2006 சித்திரையில் அவர் குரல் மாறியிருந்தது. "சண்டை வரும்போலை கிடக்குது. பாதை பூட்டினா பிறகு ஏலாது. வாறதெண்டா இப்ப வாரும்." அன்று மாலையே களி போட்டார்கள். கோழிகள் முதுகைக் காட்டின. கமலநாயகி கவிழ்த்து வைத்திருந்த வாளியில் குந்தியிருந்து, தலையில் அடித்து, வாய்விட்டு அழுதாள். பதினேழு வருடம் அழாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அன்று வந்தது. தீத்துஸ் கூட்டுக்குள் போனான். வெளியே வந்தபோது இடுப்பு வாரை இறுக்கியிருந்தான், செருப்பில் மண் துடைத்திருந்தான், சேனாதிபதிக்கு முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்றான்.

"அக்கா, சாப்பிட்டுதுகள். வாயாலை சிந்திச் சிந்திச் சாப்பிட்டுதுகள்."

அவனுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள், களி போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு பருக்கை குலையவில்லை. அவள் அதைப் பார்த்தாள், அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். வேண்டாம் தம்பி என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் அவளுக்குப் போக வேண்டும். அவ்வளவு ஆசையாகப் போக வேண்டும். ஆகவே, "கேட்டன்" என்றாள். பிறகு, "உமக்கு?" என்றாள்.

"எனக்குப் பழகினதுதானே அக்கா" என்றான் தீத்துஸ். "ஆனா ஒண்டு. அவங்கள் திரும்பி வந்தா, நான் நிக்க மாட்டன். கோழி சாப்பிட்டதோ எண்டு கேப்பாங்கள். நீங்கள் நிண்டு சொல்லுங்கோ."

அவள் விமானம் ஏறிய நாள், மதிய ஓய்வு நேரத்தில், ஒரு முகில்கூட இல்லாத வானத்திலிருந்து ஒரு ஈட்டி தோட்டத்தில் வந்து விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே ஓசை எழுப்பக் கூடாது என்ற விதி ஈட்டிகளுக்கும் பொருந்துமா என்று சங்கத்தில் முறைப்பாடு செய்தாள். ஹெர் ப்ரூகர் வந்து பார்த்தபோது வெந்தயப் பாத்தி ஒரு ஆள் நீளத்துக்குப் பதிந்திருந்தது, ஆணிச் செருப்புகள் இரண்டும் கூட்டு வாசலில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. கோழிகளுக்கு அவரே தீன் வைத்தார்.

கிளிநொச்சி பஸ் தரிப்பில் சந்திரசேகரன் கறுத்தக் குடை பிடித்து நின்றார். தலை நரைத்து, ஒரு பல் போயிருந்தது. அவள் விட்டுவந்த ஆளை அந்த முகத்துக்குள் தேடிப் பிடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. பிறகு பிடித்துவிட்டாள். மெத்தை உறையைக் கழற்றினார்கள், அது அவள் நினைத்ததைவிடக் கூடுதலாகச் சரசரத்தது, இருவரும் வெட்கப்பட்டார்கள். விடுமுறை முடியும்வரை அவள் சமைத்தாள், அவர் ரயருக்கு ஒட்டுப் போட்டார், இரவில் ஒருவர் கதைத்து முடிக்குமுன் மற்றவர் தொடங்கினார். புது அன்ட்ராக்குக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். முன்போலவே, அவள் முன்னால் போவதாகவும் அவர் பின்னால் வருவதாகவும் இருந்தது. அவள் வந்து கொஞ்ச நாளில் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

2009 தை மாதம் கடைசி அழைப்பு வந்தது. கடையை விட்டு, வீட்டை விட்டு, அவர் சனங்களோடு எங்கேயோ ஒரு மரத்தடியில் இருந்தார். பின்னால் இப்போது காற்றடிக்கும் சத்தமில்லை, வேறு சத்தம். எல்லாரும் வெளிக்கிடுகினம், நான் என்ன செய்ய என்று கேட்டார். பிறகு, வாழ்க்கையில் ஒருநாளும் பல்லியையும் கோழியையும் மதிக்காத அந்த மனிதர், "கோழி என்ன சொல்லுது?" என்றார். கமலநாயகி தோட்டத்தில்தான் நின்றாள். முக்காடு போட்டுக்கொண்டு களியை உதிர்த்துப் போட்டாள். மிஞ்சியிருந்த ஒரே கிழட்டுக் கோழி அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவள் முதுகை நிமிர்த்தினாள்.

"சாப்பிட்டிட்டுது," என்றாள். "சிந்திச் சிந்திச் சாப்பிட்டது. வெளிக்கிடுங்கோ."

"அப்ப வாறன்" என்றார் அவர். தொடர்பு அறுந்தது.

அவள் தொலைபேசியை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்தின் நடுவில் போய் நின்று, முக்காட்டை எடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்தாள். எனக்கே விழட்டும், அவருக்கு விழ வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒன்றும் விழவில்லை. அடுத்த நாளும் நின்றாள். மாசி, பங்குனி, சித்திரை என்று வேலைக்கு முன்னும் பின்னும் வந்து நின்றாள். பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி ஓய்வு நேரத்துக்கு முன் தானும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொள்வாள். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். கொறற்றி அகதி முகாம்களுக்கெல்லாம் ஆள் வைத்து விசாரித்தாள். அவரை வழியில் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். முடிவில் கண்டதாகச் சொன்னவர் ஒருவருமில்லை. கமலநாயகி கறுப்பு உடுக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. நான் சகுனம் சொல்லி அனுப்பின மனிசன் என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஆற்றில் பனிப்புகார் மண்டியிருந்தபோது, ரோமாபுரிப் படை ரைனைக் கடந்து திரும்பி வந்தது. முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். வரிசை குலையாமல், ஒருவரும் குறையாமல், கழுகுக் கொடியோடு கரையேறி, நாய் கூட்டிப் போகிறவர்களுக்கு வழிவிட்டு, சைக்கிள் பாதையைக் கடந்து தோட்டத்து வேலியடியில் வந்து நின்றார்கள். முன்னால் வந்த கிழட்டுச் சேனாதிபதி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, கோழிகள் சாப்பிட்டனவா என்று கேட்டார். கமலநாயகி கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். "ஓம் ஐயா. தீத்துஸ் தம்பி சொல்லச் சொன்னவர். சாப்பிட்டதுகள்." சேனாதிபதி தலையசைத்தார், படை முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. பயற்றங்கொடிப் பந்தல் அந்தக் காற்றில் ஆடியது. பிறகு அணியணியாக வேலியைத் தாண்டி வந்து, வெந்தயப் பாத்தியில் மண்ணுக்குள் இறங்கினார்கள். ஒரு கன்றையும் மிதிக்கவில்லை. மதியம் வரை எடுத்தது.

கடைசி வரிசையும், கழுதை வண்டிகளும் இறங்கி முடிந்த பிறகு, புகாருக்குள்ளிருந்து இன்னொருவர் நடந்து வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். கையில் கறுத்தக் குடை, கம்பி ஒன்று முறிந்திருந்தது. படலைக்கு முன்னால் நின்று, வெகுதூரம் நடந்தவர்கள் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். எங்கேயிருந்து வாறீர்கள் என்று அவள் கேட்கவில்லை, எப்படித் தப்பினீர்கள் என்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார் சந்திரசேகரன். "நல்லாப் பசிக்குது."

அவர் அன்றிலிருந்து தோட்டக் கொட்டிலில் இருக்கிறார். தீத்துஸைப் போலவே அவராலும் வேலிக்கு வெளியே கால் வைக்க முடியாது. அவள் சொன்ன பொய்யின் கேடு அங்கேதான் விழுந்திருக்கிறது என்று உருத்திரமூர்த்தி ஒரு பழத்தைக் கடித்தபடி சொல்லுவார், இது கேடென்றால் எனக்கும் கொஞ்சம் விழட்டும் என்று விதவையான கொறற்றி சொல்லுவாள். கமலநாயகி இந்த வாதத்தில் சேர்வதில்லை, அவளுக்கு நேரமில்லை. சங்க விதிப்படி தோட்டத்தில் இரவு தங்கக் கூடாது. ஹெர் ப்ரூகர் வந்து விசாரித்து, அவர் தங்கவில்லை, காத்திருக்கிறார், அதற்கு விதியில் தடையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டக்காரர்களின் சைக்கிள்களுக்கெல்லாம் இப்போது அவர்தான் ஒட்டுப் போடுகிறார். மாலை வேலை முடிந்ததும் கமலநாயகி மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரோடு பஸ்ஸில் ஏறுவாள். சோறு, ஒரு மீன் குழம்பு, லீக்ஸ் சுண்டல். அவர் சாப்பிடுவதை எதிரே வாளியில் குந்தியிருந்து பார்ப்பாள். ஆவலோடு, நிலத்தில் சிந்தும்படி சாப்பிடுவார். சிந்துகிற பருக்கைகளைக் கிழட்டுக் கோழி வந்து ஒன்றுவிடாமல் கொத்தித் தின்னும்.